தகரப் பெட்டியில கிடைச்ச ரங்கூன் படங்கள், அதுல இருக்கற பர்மாக்காரம்மா யாரு?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். செட்டிநாட்டுல கோனாபட்டுப் பக்கம் உங்க ஐயா, அதாவது தாத்தா, வீட்டு ரெண்டாங்கட்டு அறையில ஒரு தகரப் பெட்டி, அதுல 37 போட்டோ, அஞ்சு கண்ணாடி பிளேட், அதாவது பிலிமுக்கு முந்தின கண்ணாடி நெகட்டிவ். எந்த வருஷத்துப் படம், அரிய படமா, வித்தா என்ன கிடைக்கும்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில போற போக்குல "ஒண்ணுல ஒரு பர்மாக்காரப் பொண்ணு சுருட்டு பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, அதைப் பாத்ததுல இருந்து வீட்டுப் பெரியவங்க யாரும் சரியாப் பேச மாட்டேங்கறாங்க"ன்னு எழுதியிருக்கீங்களே, நீங்க கேக்க வந்ததே அதுதான்னு எனக்குப் படுது. ஐயாவோட அப்பச்சிக்கு, அதாவது அவரோட அப்பாவுக்கு, ரங்கூன்ல இன்னொரு குடும்பம் இருந்துச்சான்னு கேக்குறீங்க, நேரா எழுத ஒரு கூச்சம். தப்பில்ல, இந்தப் பக்கத்துல பழைய பெட்டியைத் திறக்கற பாதி வீட்டுல இந்தக் கேள்வி வரத்தான் செய்யுது.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் எதை நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும். காரைக்குடியில அப்பா ஸ்டுடியோ வச்சிருந்தாரு, நான் டார்க்ரூம்ல தொட்டி கழுவி ஆரம்பிச்சவன், பிலிம் போனதுக்கப்புறம் இப்ப பழைய படங்களை ஸ்கேன் பண்றது, சரி பண்றதுன்னு ஓடுது. பேப்பர், வெள்ளி, கெமிக்கல் பத்தி நான் சொல்றதை நம்பலாம். குடும்ப விஷயம் பத்தி நான் சொல்றது நூத்துக்கணக்கான பெட்டிகளைப் பாத்த ஒருத்தனோட அபிப்பிராயம், அவ்வளவுதான். செட்டியார் வீட்டுப் பிள்ளையும் இல்ல நான், அதனால முறை வழக்கத்துல ஏதாவது தப்பாச் சொன்னா ஆச்சிமார் மன்னிக்கணும்.

அந்தப் படத்துக்கே முதல்ல வர்றேன். நீங்க எழுதினபடி அது போஸ்ட்கார்டு சைஸ், கீழ் ஓரத்துல வெள்ளை எழுத்துல ஒரு நம்பர், இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை, பின்பக்கம் நடுவுல கோடு, எதுவும் எழுதலை. இந்த நாலு விஷயமும் சேந்து இருந்தா அது கடையில காசு குடுத்து வாங்கின கார்டுன்னு கிட்டத்தட்ட அடிச்சுச் சொல்லிடலாம். நெகட்டிவ்ல நம்பர் எழுதறது வியாபாரத்துக்கு எடுத்த படத்துக்குத்தான், கஸ்டமர் வந்து "எனக்கு 48 குடு, 112 குடு"ன்னு கேட்டு வாங்கறதுக்கு. ஒரு குடும்பத்துக்காக எடுத்த படத்துல யாரும் முன்பக்கம் நம்பரும் தலைப்பும் போட மாட்டாங்க. ரங்கூன்ல கிளியர்னு ஒரு ஜெர்மன்காரர், 1911ல காலமானவர், அவரு ஸ்டுடியோவும் அப்புறம் அகுஜான்னு ஒரு கம்பெனியும் பகோடா, யானை, மரம் இழுக்கற காட்சி, பர்மாப் பெண்கள்னு ஏகப்பட்ட கார்டு போட்டு வித்தாங்க. சுருட்டோட இருக்கற பர்மாப் பெண்ணுங்கறது அதுல ரொம்ப ஓடின சரக்கு, வெள்ளைக்காரன் ஊருக்கு அனுப்ப வாங்குவான், நம்மாளும் வாங்குனான். நம்ம ஊர்க்காரங்க சிங்கப்பூர் போனா அந்த சிங்கத் தலை மீன் சிலை படம் போட்ட காந்தம் வாங்கிட்டு வந்து பிரிட்ஜ்ல ஒட்டறாங்கல்ல, அந்த மாதிரி வச்சுக்குங்க.

அதுக்காக ஐயாவோட அப்பச்சிக்கு அங்க யாரும் இல்லைன்னு இந்தக் கார்டு நிரூபிக்காது, இருந்தாங்கன்னும் நிரூபிக்காது. அங்க குடும்பம் வச்சிருந்தவங்க இருந்தது நிஜம், யாரும் மறைக்க முடியாத விஷயம். செட்டியார்மார் மூணு வருஷக் கணக்குல கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போவாங்க, பொண்டாட்டி புள்ளைங்க இங்க, அவங்க அங்க. ஆனா அப்படிப்பட்ட படம் வேற மாதிரி இருக்கும். ஒரு தடவை ஒரு வீட்டுல இருந்து ஸ்கேனுக்கு வந்த கட்டுல ஒரு ஸ்டுடியோ படம், பர்மாக்காரம்மா நாற்காலியில, மடியில மூணு வயசுப் பையன், பையன் நெத்தியில பட்டையா விபூதி, காதுல கடுக்கன். நம்பர் கிடையாது, தலைப்பு கிடையாது, பின்னாடி தமிழ்ல ஒரு தேதி மட்டும், பேர் இல்ல. கட்டைக் கொண்டுவந்த பேரன் கூடவே வந்திருந்த ஆச்சிக்கு எண்பது வயசுக்கு மேல இருக்கும், அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு "இதுவும் அவுக பெட்டியிலதானே இருந்துச்சு, சேத்தே எடுங்க தம்பி"ன்னாங்க. நான் மேல ஒண்ணும் கேக்கலை. உங்க மீதி 36 படத்துல அந்த மாதிரி ஒண்ணு இருந்தாத்தான் யோசிக்கணும், இந்தக் கார்டை வச்சுப் பெரியவங்களைக் குடையாதீங்க.

இந்தப் படங்களை எப்படிப் பாக்கணும்னு எனக்கு ஒரு வழி உண்டு, எல்லாருக்கும் இதைத்தான் சொல்றது. செட்டிநாட்டுப் பெட்டியில இருக்கற போட்டோவை கடுதாசியாப் படிங்க. இப்ப நாம எடுக்கற மாதிரி நெனச்ச நேரத்துல எடுத்தது இல்ல அது, ஸ்டுடியோவுக்குப் போயி, கோட்டு மாட்டி, காசு குடுத்து, ஊர்ல இருக்கற ஒருத்தருக்கு ஒரு சேதி சொல்றதுக்காக எடுத்தது. "நல்லா இருக்கேன், உடம்பு தேறியிருக்கு, மேலாளா ஆயிட்டேன், பையனுக்குப் பொண்ணு பாக்கலாம்." அதனால ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது யாரு இதை அனுப்பினா, யாருக்கு, அந்த நேரத்துல அவுகளுக்கு என்ன தெரியணும்னு இவர் ஆசைப்பட்டாருன்னு கேட்டுப் பாருங்க, வருஷத்தை விட அதுல நெறைய கிடைக்கும்.

கார்ல கை வச்சுக்கிட்டு நிக்கற படம் இருக்குன்னீங்க, "அவ்வளவு வசதியா இருந்தாங்களா"ன்னு ஆச்சரியப்பட்டிருக்கீங்க. இருந்திருக்கலாம். இல்லாம ஸ்டுடியோக்காரன் வச்சிருந்த காராகவும் இருக்கலாம், முதலாளி காராகவும் இருக்கலாம், ரோட்டுல நின்ன யாரோ ஒருத்தர் காராகவும் இருக்கலாம். எங்க அப்பா ஸ்டுடியோவுலயே அட்டையில செஞ்ச ஸ்கூட்டர் ஒண்ணு இருந்துச்சு, அதுல உக்காந்து படம் எடுத்துக்கிட்டவங்க பேரப்பிள்ளைங்க இன்னிக்கும் "எங்க தாத்தா அந்தக் காலத்துலயே ஸ்கூட்டர் வச்சிருந்தாரு"ன்னு சொல்லிக்கிட்டிருப்பாங்க, நான் போயி கெடுக்கறதில்ல. லென்ஸ் வச்சு டயர் தரையில படற இடத்தைப் பாருங்க. நிழல் விழுந்து மண்ணு ஒட்டியிருந்தா நிஜக் கார். கீழ ஜமுக்காளம் தெரிஞ்சா, பின்னாடி மரமும் மாடிப்படியும் ஒரே மங்கலா வரைஞ்ச மாதிரி இருந்தா, அது ஸ்டுடியோ. அதே போல கடிகாரம், தடிப் புத்தகம், டெலிபோன் இதெல்லாம் பெரும்பாலும் ஸ்டுடியோ சாமான்தான், ஒரே ஊர்ல எடுத்த பத்துக் குடும்பத்துப் படத்துல ஒரே முக்காலியும் ஒரே பூந்தொட்டியும் வர்றதை நானே பாத்திருக்கேன்.

வருஷம் கண்டுபிடிக்கறதுல எனக்குப் பிடிச்சது பின்பக்கம்தான். எல்லாரும் மூஞ்சியைப் பாக்கறாங்க, நான் முதல்ல திருப்பிப் பாப்பேன். போஸ்ட்கார்டுல நடுக்கோடு போட்டு ஒரு பக்கம் சேதி ஒரு பக்கம் விலாசம்னு எழுதறதை இங்கிலாந்துல 1902லதான் விட்டாங்க, மத்த ஊருங்க அதுக்கப்புறம், ஆக உங்க நடுக்கோட்டுக் கார்டு எதுவும் அதுக்கு முந்தினது இல்ல. ஸ்டாம்ப் ஒட்டின கார்டு ரெண்டு இருக்குன்னீங்க, ரங்கூன் முத்திரையோட. பர்மாவை இந்தியாவுல இருந்து தனியாப் பிரிச்சது 1937 ஏப்ரல் 1. அது வரைக்கும் அங்கேயும் நம்ம இந்திய ஸ்டாம்ப்தான், பிரிச்சதும் அதே ஸ்டாம்ப் மேல 'பர்மா'ன்னு அச்சடிச்சு ஓட்டினாங்க. அந்த வார்த்தை இருக்கா இல்லையான்னு பாத்தா 1937க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு சொல்லிடலாம். ஈப்போ ஸ்டுடியோ அட்டை ஒண்ணுல ஊர் பேருக்குக் கீழ எஃப்.எம்.எஸ்.னு இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அது கூட்டு மலாய் மாநிலங்கள், 1896ல இருந்து ஜப்பான்காரன் வர்ற வரைக்கும் ஓடின பேரு. ஸ்டுடியோ பேரை மட்டும் வச்சு வருஷம் சொல்றதுல ஒரு ஆபத்து இருக்கு, முதலாளி செத்தாலும் கடை கை மாறினாலும் பேர்ப்பலகை மாறாது, அச்சடிச்ச அட்டை தீர்ற வரைக்கும் அதே அட்டையில ஒட்டிக்கிட்டே இருப்பாங்க.

பேப்பரும் பேசும். மெல்லிசுப் பேப்பரைத் தடி அட்டையில ஒட்டி, படம் முழுக்க பழுப்பும் மஞ்சளுமா இருந்தா அது அல்புமென் பிரிண்டா இருக்கலாம், முட்டை வெள்ளைக்கருவைப் பூசி அது மேல வெள்ளி உப்பு ஏத்தினது, 1850கள்ல இருந்து 1890கள் வரைக்கும் அதோட ராஜ்ஜியம்தான். நம்ம செட்டிநாட்டு வீட்டு வளவுச் செவுத்துப் பூச்சுக்கும் முட்டை வெள்ளைக்கரு, அந்த வீட்டாளு போட்டோவுக்கும் முட்டை வெள்ளைக்கரு, ரெண்டுலயும் அந்த வழவழப்பு இருக்கறதை நெனச்சா எனக்குச் சிரிப்பா வரும். கறுப்பா இருக்கற ஓரங்கள்ல சாய்ச்சுப் பாத்தா வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஒரு மினுக்கம் தெரிஞ்சா அது ஜெலட்டின் பிரிண்ட், பெரும்பாலும் 1900க்கு அப்புறம். உங்க 37ல முக்காவாசி இதுவாத்தான் இருக்கும்.

அப்புறம் நிறம். "அப்பத்தாவோட அம்மா கல்யாணப் படத்துல கறுப்புச் சேலை கட்டியிருக்காங்க, ஏதாவது துக்கமா"ன்னு கேட்டிருக்கீங்க. துக்கம் இல்ல, சேலை சிவப்பு. அந்தக் காலத்துப் பிளேட்டுக்கு சிவப்பு கண்ணே தெரியாது, அதனால அரக்குச் சேலையும் குங்குமப் பொட்டும் மையாட்டம் கறுப்பா விழும், நீலம் வெள்ளையா வெளுத்துரும், ஆகாயத்துல மேகமே இருக்காது. அதுலயும் ஆரம்ப காலப் பிளேட்டுல மஞ்சளும் கறுக்கும், தங்க நகை பித்தளைக்குக் கேடா மங்கும், மனுஷங்க தோல் நிஜத்தை விட ரெண்டு மடங்கு கறுப்பாத் தெரியும். எல்லா நிறமும் பதியற பாங்க்ரோமாட்டிக் பிளேட் 1906லயே விற்பனைக்கு வந்துருச்சு, ஆனா பழைய பிளேட்டைச் சிவப்பு லைட் போட்டுக் கண்ணால பாத்தே கழுவலாம், இதைக் கும்மிருட்டுல கழுவணும், அதனால சின்ன ஸ்டுடியோக்காரங்க சீக்கிரம் மாறலை. ஆகவே பழைய படத்தைப் பாத்து யாரு கறுப்பு யாரு சிவப்புன்னு வீட்டுல சண்டை போட வேணாம்.

அதே கல்யாணப் படத்துல கழுத்துல ரெண்டு வரிசையா, மார்பு மறைக்கற மாதிரி பெரிய உருப்படி கோத்த நகை இருந்தா அது கழுத்திரு. அது தினம் போடற நகை இல்ல, கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் எடுக்கறது, அதனால படம் எதுக்காக எடுத்ததுங்கற கேள்விக்கு அதுவே பதில் சொல்லிடும். சேலைக்கட்டை வச்சு வருஷம் சொல்றவங்களை நம்பாதீங்க. பின்கொசுவம் வச்சு ரவிக்கை இல்லாம இருக்கற ஆச்சி 1900லயும் உண்டு 1950லயும் உண்டு, மக ரவிக்கை போட்டுக்கிட்டுப் பக்கத்துல நிப்பா, ஆத்தா தன் வழக்கத்தை மாத்தியிருக்க மாட்டாங்க.

இடம் கண்டுபிடிக்கறது இதை விட லேசு, தூணு எங்கேயும் நடந்து போகாது. முகப்புல எடுத்த குரூப் போட்டோவைக் கையில வச்சுக்கிட்டு வீட்டுல நின்னு பாருங்க. தூண் உச்சியில இருக்கற போதிகைச் செதுக்கல், கதவு நிலையில கஜலட்சுமி, தரைக் கல்லுல ஒரு வெடிப்பு, ஏதாவது ஒண்ணு பொருந்திடும். பொருந்தலைன்னா பங்காளி வீடு, இல்ல சம்பந்தி வீடு. ஆளை அடையாளம் காட்டறதுலதான் என்னால உறுதியாச் சொல்ல முடியாத இடமே நெறைய. பேரனுக்கு ஐயா பேரை வைக்கறது வழக்கம், அதனால பின்னாடி பேர் எழுதியிருந்தாலும் அது யாரு, அவரா அவரோட பேரனான்னு குழப்பம் வரும். பேருக்கு முன்னாடி இருக்கற விலாச எழுத்துங்களை, அதாவது இனிஷியலை, பிரிச்சு வரிசை போட்டுப் பாத்தா, பெரியவங்க துணையோட, ஓரளவு தெளியும். சுவீகாரம் போன பிள்ளைன்னா விலாசமே மாறியிருக்கும், குடும்பத்துக்குரிய கோவிலும் மாறியிருக்கலாம், அதையும் கேட்டுக்குங்க. மூக்கு ஒத்துப்போகுது, காது ஒத்துப்போகுதுன்னு சொல்றதெல்லாம் ஆசைதான்.

கிட்டங்கி குரூப் போட்டோ ஒண்ணு அனுப்பியிருந்தீங்க, கிட்டங்கின்னா செட்டியார்மார் வட்டிக்கடைங்க சேந்து இருந்த கட்டடம், அந்தப் படம்தான் என்னைக் கேட்டா இந்தக் கட்டுலயே பெரிய சொத்து. ரங்கூன் முகல் தெருவுலயும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவுலயும் இப்படித்தான், ஒரே நீளக் கூடம், வரிசையாப் பெட்டிங்க, ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை, அங்கேயே சாப்பாடு அங்கேயே படுக்கை. நடுவுல நாற்காலியில மேலாள், பக்கத்துல அடுத்தாள், தரையில சம்மணம் போட்டுத் தொழில் பழகற பெட்டியடிப் பையன், பன்னெண்டு பதிமூணு வயசுதான் இருக்கும் அதுக்கு. இடது ஓரத்துல தூணுக்குப் பின்னாடி பாதி மறைஞ்சு ஒருத்தர் தோள்ல துண்டோட நிக்கறாரு பாத்தீங்களா, சமையல்காரரா இருக்கணும், போட்டோக்காரன் பிரேமுக்குள்ள வரச் சொல்லியும் வராம நிக்கற மாதிரி எனக்குத் தோணுது, இது என் கற்பனைதான். ஒரு பொம்பளை கிடையாது படத்துல. அதே மாதிரி அந்தப் பெட்டிக்கு எதிர்ல உக்காந்து கடன் வாங்கின பர்மா விவசாயியும் கிடையாது. 1930ல நெல் விலை விழுந்து கடன் திரும்பாம, கீழ்ப் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் சில வருஷத்துல செட்டியார்மார் பேருக்கு வந்துருச்சு, அந்தக் கோபம் அங்க இன்னும் ஆறலை. கோட்டு மாட்டின படத்துல அதெல்லாம் விழாது, படத்தைப் பாத்துப் பெருமைப்படறப்ப இதையும் சேத்து நெனச்சுக்கணும்னு நான் சொல்வேன், சிலருக்குப் பிடிக்கறதில்ல.

ஏன் இந்தப் படங்க கொஞ்சமா இருக்குன்னா, உங்க பெட்டியில இருக்கறது ஊருக்கு வந்து சேந்த கடுதாசிங்க மட்டும்தான். ஊர்ல இருந்து ஆச்சி அனுப்பின படம், பிறந்த புள்ளையை முதல் முதலா அப்பச்சிக்குக் காட்ட அனுப்பின படம், அதெல்லாம் அங்க கிட்டங்கிப் பெட்டியில இருந்துச்சு. 1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல குண்டு விழுந்துச்சு, மார்ச் வந்தா நகரமே ஜப்பான்காரன் கையில. கணக்குப் புத்தகத்தை எடுக்கறதா, உயிரைக் காப்பாத்திக்கறதான்னு காட்டு வழியா நடந்து வந்தவங்க போட்டோவையா தூக்கிட்டு வருவாங்க. இருந்தது ரெண்டு பக்கத்துப் பேச்சு, நமக்கு ஒரு பக்கம்தான் கேக்குது.

அரிய படமான்னு கேட்டதுக்கு வர்றேன். வாட்ஸப்புல எல்லாமே "அரிய படம்", பாதி சினிமா ஸ்டில். நிஜமா அரிதுன்னா 1858ல லின்னேயஸ் டிரைப்ங்கற பட்டாளத்துக்காரர் புதுக்கோட்டையையும் மதுரையையும் பேப்பர் நெகட்டிவ்ல எடுத்தாரே அது, ஆச்சரியம் என்னன்னா அதே ஆளு மூணு வருஷம் முன்னாடி 1855ல பர்மாவுக்கும் போயி எடுத்திருக்காரு. தெருவே காலியாக் கிடக்கும் அந்தப் படங்கள்ல, ரொம்ப நேரம் திறந்து வச்சாத்தான் பதியும்ங்கறதால நடந்து போனவன் பதிய மாட்டான். இல்லேன்னா 1919ல பாரதி காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தப்ப கையில தடியோட எடுத்த படம். பாரதியோட நிஜப் படங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம், அதுல ரெண்டு நம்ம ஊர்ல எடுத்தது. உங்க படங்க அந்த வகை இல்ல, விலையும் பெருசாப் போகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போயிப் பாருங்க, யாரோட ஐயாவோ ஆச்சியோ வரிசையா மாட்டியிருப்பாங்க, வாங்கறவன் தேக்கு பிரேமுக்குத்தான் விலை பேசறான். உங்க வீட்டுக்கு மட்டும்தான் அது அரிது, அந்த அஞ்சு கண்ணாடி பிளேட் தவிர. பிளேட்டுல எடுத்த பிரிண்ட் எங்கேயும் இல்லாம இருக்கலாம், அதனால அதை மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க.

பிளேட்டை ஈரத்துணியில துடைச்சா படமே வழிஞ்சு வந்துரும், துடைக்கவே துடைக்காதீங்க. ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காம ஒவ்வொண்ணையும் வெள்ளைப் பேப்பர்ல சுத்தி நிக்க வைங்க. போட்டோவை லேமினேஷன் பண்றேன்னு யாராவது கிளம்பினா தடுத்துருங்க, அதை விட ராமபாணப் பூச்சி மேல். பிரேம் கண்ணாடியில ஒட்டிக்கிட்ட படத்தைப் பிய்க்க வேணாம், கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணலாம். 600 டிபிஐ, டிஃப் ஃபைல், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். ஏஐ ஆப்ல போட்டுக் கலர் ஏத்தி மூஞ்சியைத் தெளிவாக்கறது இப்ப பேஷன், அது தெரியாத கண்ணையும் பல்லையும் தானா வரைஞ்சு வைக்குது, அப்புறம் அந்த மூஞ்சிதான் ஐயான்னு ஆயிடும், ஒரிஜினல் ஸ்கேனைத் தனியா வச்சுட்டு அப்புறம் விளையாடுங்க. பாதுகாக்கக் குடுக்கணும்னு தோணினா சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, அதோட மூலதனமே கோட்டையூர்ல ஒரு மனுஷன் சேத்து வச்ச சேகரிப்புதான். பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்லயும் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, கேட்டுப் பாருங்க.

இந்த வாரமே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல இருக்கறதுலயே வயசான ஆச்சிகிட்ட மீதி 36 படத்தையும் ஒவ்வொண்ணாக் குடுத்து, போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு, "இது யாரு"ன்னு கேக்காம "இது எப்ப வந்துச்சு"ன்னு மட்டும் கேளுங்க. அவங்க சொல்றதைப் பால் பாயிண்ட் பேனாவுல எழுதிராதீங்க, மெத்துனு இருக்கற பென்சில்ல, பின்பக்க ஓரத்துல, அழுத்தாம. பர்மாக் கார்டோட பின்பக்கத்தையும் ஸ்டாம்ப் ஒட்டின ரெண்டையும் வெயில் நேரா படாத வெளிச்சத்துல வச்சு, பிளாஷ் இல்லாம எடுத்து இங்கேயே போடுங்க, முத்திரையில தேதி தெரிஞ்சா படிச்சுச் சொல்றேன்.